பியூஸ் போன கதை

மோட்டார் வண்டி வைத்திருப்பவர்கள் இரண்டு வகைப்படுவார்கள். புது வண்டிக்காரர்கள் வண்டியில் ஏறியதும், போகிற ஊரைப் பற்றிப் பேசுவார்கள். பழைய வண்டிக்காரர்கள், போய்ச் சேருவதைப் பற்றிப் பேசுவார்கள். நாம் இரண்டாவது வகையைச் சேர்ந்தவர்கள். அதில் நமக்கு வருத்தம் கிடையாது. கொஞ்சம் கர்வங்கூட உண்டு. அந்தக் கர்வத்துக்கு ஒரு நாள் வந்த ஆபத்தைப் பற்றித்தான் இப்போது சொல்லப் போகிறோம்.

நமது வண்டி ஓர் அம்பாஸடர். 1984-ஆம் வருஷத்தில் நமது தகப்பனார் வாங்கியது. 1942-இல் ஏற்பட்ட ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனி, வங்காளத்து உத்தர்பாராவில் 1950-களின் இறுதியிலிருந்து 2014 வரையில் இந்த வண்டியைச் செய்து வந்தது. மந்திரியும் ஏறினார், மாப்பிள்ளையும் ஏறினார். இப்போது மந்திரிகளும் மாப்பிள்ளைகளும் வேறு வண்டிகளுக்குப் போய்விட்டார்கள். நாம் போகவில்லை. பதிவு செய்து 15 வருஷம் ஆன பிறகு, 5 வருஷத்துக்கு ஒரு முறை வண்டியைக் கொண்டுபோய்க் காட்டிப் பதிவைப் புதுப்பித்துக் கொண்டு வருகிறோம். ஒவ்வொரு முறையும், தகப்பனாரின் ஆயுளையே 5 வருஷம் நீட்டி வாங்கி வருவதுபோல் ஒரு திருப்தி.

இந்த வண்டியின் முன்புறத்து மூடியைத் தூக்கினால், ஒரு தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய பெட்டி ஒன்று தென்படும். அதில் சிறு விரலின் முதற் கணு அளவில் இரண்டு கண்ணாடிக் குழாய்கள் இருக்கும். அவற்றின் இரு முனைகளிலும் உலோகத் தொப்பி. நடுவே ஒரு மெல்லிய கம்பி. இதுதான் பியூஸ். தமிழில் இதற்கு 'உருகி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர் வைத்தவர் யாரோ, அவர் பெரிய ரஸிகர். உருகுவது தவிர அதற்கு வேறு தர்மம் கிடையாது. வண்டியின் ஒயர்களில் அளவுக்கு மிஞ்சி மின்சாரம் ஓடினால், வேறு எதுவும் உருகுவதற்கு முன்னால் அது தான் உருகிப் பாதையைத் துண்டித்துவிடும். நமக்காக உருகுகிறவர்கள் உலகத்தில் எத்தனை பேர்? அப்படிப்பட்ட ஒன்றைத்தான் நாம் சத்துருவாகப் பாவித்தோம்.

முதல் முறை பியூஸ் போனது ஒரு தை மாதத்தில். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் உள்ள நமது கிராமத்திலிருந்து திருச்சிக்குத் திரும்பிக் கொண்டிருந்தோம். நாம், நமது சகதர்மிணி, பெண், ஏழு வயதுப் பேத்தி ஆகிய நால்வர். டிக்கியில் ஒரு மூட்டை அரிசி, தேங்காய், கிராமத்து வீட்டுப் பித்தளை அண்டா ஒன்று. திருவெறும்பூர் வந்தபோது, பெட்ரோல் காட்டும் முள் திடீரென்று சாஷ்டாங்கமாக விழுந்துவிட்டது. நாம் பதறிப்போய், அடுத்த பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்தினோம். அங்கிருந்த பையன் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "ஐயா, டேங்க் ததும்பிக்கிட்டு இருக்கு. இன்னும் எங்கே ஊத்தறது?" என்றான்.

அப்புறந்தான் பார்த்தோம். துடைப்பான் ஓடவில்லை, திரும்பும் விளக்குக் கண் சிமிட்டவில்லை, பிரேக் விளக்கும் எரியவில்லை. ஒன்று கெட்டால் அந்த ஒன்றைப் பார்க்கவேண்டும். நாலு ஒரே சமயத்தில் கெட்டால் பியூஸைப் பார்க்கவேண்டும். இது பழைய வண்டிக்காரர்களின் முதற் பாடம். பார்த்தோம், குழாய்க்குள் கம்பி இல்லை. பெட்டியிலேயே உபரியாக இரண்டு குழாய்கள் செருகி வைத்திருந்தன. ஒன்றை எடுத்துப் போட்டோம். முள் எழுந்து நின்றது. நாமும் நிமிர்ந்து நின்றோம்.

அதன் பிறகு ஆறு மாதம் ஒரு தொந்தரவும் இல்லை. மார்க்கெட், கோயில், பேத்தியின் பள்ளிக்கூடம் என்று தினம் நூறு தடவை பிரேக்கை மிதித்தோம். பியூஸ் பத்திரமாக இருந்தது. ஆடி மாதம் கிராமத்துக்குப் போய்த் திரும்பும்போது மறுபடியும் போயிற்று. இரண்டாவது உபரியும் செலவாயிற்று.

நம் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு நண்பர் இருக்கிறார். அவருக்குத் தெரியாத சாஸ்திரம் கிடையாது. அவரிடம் சொன்னோம். "பியூஸ் வெறும் சோனி. கொஞ்சம் கனமாய் ஏதாவது வைத்துவிடும். அப்புறம் உருகுகிறதா, பார்க்கலாம்!" என்றார் அவர். இந்த உபதேசம் நமக்கு மிகவும் பிடித்திருந்தது. ஏனென்றால் அதில் வேலை ஒன்றும் இல்லை.

நமது சகதர்மிணி மட்டும், "ஊரிலே சுற்றும்போது போகாத பியூஸ், கிராமத்திலிருந்து வரும்போது மட்டும் ஏன் போகிறது? யாரையாவது கேளுங்களேன்" என்றாள். "இயந்திர விஷயம் உனக்கு என்ன தெரியும்?" என்று சொல்லி, அந்தப் பேச்சை அத்துடன் முடித்தோம். நேயர்கள் இந்த வாக்கியத்தைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக் கொள்ளவேண்டும். பின்னால் நமக்கு வெட்கப்படுவதற்கு உபயோகமாகும்.

ஐப்பசி மாதம், மூன்றாவது பிரயாணம். திரும்பும் வழியில் தஞ்சாவூரில் பெட்ரோல் முள் விழுந்தது. பெட்டியில் உபரிக் குழாய் இல்லை. பொழுது சாய்ந்து கொண்டிருந்தது. பின்னால் லாரிகள் வரும் சாலையில் பிரேக் விளக்கில்லாமல் போவது ஆபத்து. கடைத்தெருவுக்குத் திரும்பிப் போய் நாலணாப் பெறாத அந்தக் குழாயை வாங்கி வந்திருக்கலாம். ஆனால் நண்பரின் உபதேசம் நினைவுக்கு வந்துவிட்டது. பின் ஸீட்டில் பேத்தி சாக்லேட் தின்று கொண்டிருந்தாள். அதைச் சுற்றியிருந்த வெள்ளிக் காகிதம் பளபளவென்று மின்னியது.

"கண்ணு, அந்தக் காகிதத்தைக் கொடு, பார்க்கலாம்" என்றோம்.

"எதுக்குத் தாத்தா?"

"வண்டிக்கு மருந்து."

குழந்தை அதைத் தன் பாவாடையில் துடைத்து, மடிப்பு நீக்கி, மிக்க பெருமையுடன் நம்மிடம் நீட்டினாள். எரிந்துபோன குழாயின் மேல் அதைச் சுற்றிப் பெட்டியில் செருகினோம். முள் எழுந்தது. "பார்த்தாயா, உன் காகிதத்தால் வண்டி பிழைத்தது!" என்று அவள் கன்னத்தைத் தட்டினோம்.

செங்கிப்பட்டியைத் தாண்டியதும், சாலைக்குக் குறுக்கே ஓர் ஆட்டு மந்தை வந்தது. பிரேக்கை நன்றாக மிதித்து நிறுத்தினோம். ஆடுகள் நிதானமாகப் போயின. நாமும் மிதித்த காலை எடுக்காமல் காத்திருந்தோம். அப்போது பின்னாலிருந்து பேத்தி, "தாத்தா, ஏதோ நாத்தம் அடிக்குது" என்றாள். "லாரிப் புகை, அம்மா. மூக்கைப் பிடித்துக் கொள்" என்றோம். நமக்கு அன்று யார் எதைச் சொன்னாலும், அதற்கு ஒரு மூடி தயாராக இருந்தது.

அடுத்த கணம், நமது முழங்காலுக்கு மேலே, தட்டுக்கு அடியிலிருந்து வெண்புகை வந்தது. சாவியை அணைத்தோம். காலையும் எடுத்தோம். புகை நிற்கவில்லை! சாவியை அணைத்தால் எல்லாம் அணைந்துவிடும் என்றுதான் அதுவரையில் நம்பியிருந்தோம். பெண் குழந்தையை வாரிக்கொண்டு கீழே குதித்தாள். சகதர்மிணி இறங்க முயன்றபோது கதவின் பிடி சிக்கிக்கொண்டது. அந்த இரண்டு மூன்று விநாடிகளில் நாம் அநுபவித்ததை எழுதிக் காட்டும் சக்தி நம்மிடம் இல்லை. வெளியிலிருந்து கதவை இழுத்துத் திறந்தோம். பாட்டரியின் கம்பியைக் கழற்ற வேண்டும் என்ற புத்தி வந்தது. ஆனால் ஸ்பானர்? அது டிக்கியில், அரிசி மூட்டைக்கு அடியில், அண்டாவுக்கும் அடியில் இருந்தது.

நல்ல வேளையாகப் பின்னால் ஒரு லாரி வந்து நின்றது. அதிலிருந்து குதித்த கிளீனர்ப் பையன் ஒருவன், தன் ஸ்பானருடன் ஓடிவந்து பாட்டரியின் ஒரு கம்பியைக் கழற்றி எறிந்தான். புகை மெல்ல அடங்கிற்று. டிரைவர் ஒரு குடம் மணலை வாரி அருகில் வைத்துக்கொண்டு, கொஞ்ச நேரம் காவல் காத்தார். பிறகு பியூஸ் பெட்டியைத் திறந்து பார்த்தார். வெள்ளிக் காகிதம் இன்னும் பளபளத்துக் கொண்டிருந்தது. அது உருகவில்லை, அதற்குப் பதிலாக வண்டி உருகியிருந்தது.

"பெரியவரே, இது யாரு செஞ்ச வேலை?" என்று கேட்டார் டிரைவர்.

நாம் வாயைத் திறப்பதற்குள், அம்மாவின் தோளிலிருந்து பேத்தி, "நான்தான் குடுத்தேன்" என்று சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள்.

இங்கே ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தச் சமயத்தில், "இல்லை, ஐயா, குழந்தை மீது தவறில்லை, நான் செய்தது" என்று நாம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பேசாமல் நின்றோம். டிரைவர் நம் முகத்தை ஒரு முறை பார்த்துவிட்டு, வேறொன்றும் கேட்காமல், கயிறு எடுத்துவரப் போனார். வண்டி எரிந்ததைவிட, அந்தப் பார்வைதான் இன்று வரையில் நம்மைச் சுட்டுக் கொண்டிருக்கிறது.

வண்டியைக் கட்டி இழுத்துத் திருச்சி கொண்டுவந்து சேர்த்தோம். உறவினர்கள் வந்து, "இரும்புக்குப் போட்டுவிடுங்கள்" என்று சொன்னார்கள். ஒரு பழைய இரும்பு வியாபாரி, சொல்லாமலே வந்து வண்டியைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார். பேத்தியோ அந்த வண்டியின் பக்கமே வரமாட்டேன் என்றாள். பயத்தினால் என்று நினைத்தோம். ஒரு வாரம் கழித்துத்தான் பாட்டியிடம், "என் காகிதத்தாலேதானே எரிஞ்சது? நான் ஏறினா மறுபடியும் எரியும்" என்று சொல்லியிருக்கிறாள். நாம் பேசாமல் நின்றதன் பலன் அது.

வண்டியை விற்பதா, வைத்துக் கொள்வதா என்ற கேள்வி அன்றோடு முடிந்தது. விற்றுவிட்டால், தன்னால்தான் தாத்தாவின் வண்டி போயிற்று என்று குழந்தை ஆயுள் முழுவதும் எண்ணிக் கொண்டிருப்பாள். உண்மையான குற்றவாளியைக் கண்டுபிடித்து, அவள் கண்ணெதிரே நிறுத்தியே ஆகவேண்டும்.

பாலக்கரையில் ஒரு சிறு கொட்டகையில் மோட்டார் ஒயரிங் வேலை செய்கிற பெரியவர் ஒருவர் இருக்கிறார். எல்லோரும் அவரைப் பாய் என்றுதான் அழைப்பார்கள். சகதர்மிணியையும் பேத்தியையும் உடன் அழைத்துக் கொண்டு அவரிடம் போனோம். அவர் வண்டியைத் தொடவில்லை. ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, வைத்தியர் நோயாளியை விசாரிப்பதுபோல் விசாரித்தார். எப்போது போயிற்று? எதை அமுக்கும்போது போயிற்று? போன குழாய்களை வைத்திருக்கிறீர்களா?

நல்ல வேளை, மூன்றையும் டப்பாவில் போட்டு வைத்திருந்தோம். அவர் அவற்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஐயா, கண்ணாடி தெளிவா இருந்து, கம்பி மட்டும் நடுவிலே அறுந்திருந்தா, சுமை கொஞ்சம் கூடுதல், நாளாவட்டத்திலே உருகியிருக்குன்னு அர்த்தம். முனையிலே தொப்பிப் பக்கம் வெந்திருந்தா, பிடிப்புத் துருவேறிச் சூடாகுதுன்னு அர்த்தம். இது மூணுலேயும் பாருங்க, கண்ணாடி உள்ளே கருகிப் பூச்சுப் பூசினாப்போல இருக்கு. ஒரே அடியிலே போயிருக்கு. எங்கேயோ ஒயர் நேரா பாடியிலே உட்காருது."

பிறகு அவர் விளக்கியதை நமது பாஷையில் சொல்கிறோம். வீட்டில் மின்சாரம் போவதற்கு ஓர் ஒயர், வருவதற்கு ஓர் ஒயர். மோட்டார் வண்டியில் போவதற்கு மட்டுந்தான் ஒயர். திரும்பி வருவது வண்டியின் இரும்பு உடம்பின் வழியாக. ஆகையால் மேலுறை தேய்ந்த ஒயர் வண்டியின் உடம்பில் எங்கே பட்டாலும், மின்சாரம் விளக்கைச் சுற்றிப் போகாமல் குறுக்கு வழியில் பாட்டரிக்குத் திரும்பிவிடும். 21 வாட் பிரேக் விளக்குகள் இரண்டும் சேர்ந்து, 12 வோல்ட்டில் இழுப்பது மூன்றரை ஆம்பியர்தான். குறுக்கு வழியிலோ, பாட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரைக்கூடத் தள்ளும். அதைத் தாங்காமல் மெல்லிய ஒயர், இஸ்திரிப் பெட்டியின் கம்பியைப்போல் பழுத்துவிடும்.

ஒயர்களின் வர்ணங்களுக்கும் ஒரு சாஸ்திரம் உண்டாம். பிரிட்டிஷ் வண்டிகளின் முறை அது. பழுப்பு ஒயர் பாட்டரியிலிருந்து நேரே வருவது. அதற்குச் சாவியும் இல்லை, பியூஸும் இல்லை. வெள்ளை, சாவி திருப்பினால் உயிர் பெறுவது. பச்சை, சாவியையும் தாண்டிப் பியூஸையும் தாண்டி வருவது; பெட்ரோல் முள், துடைப்பான், திரும்பும் விளக்கு, பிரேக் விளக்கு எல்லாம் அதன் குடும்பம். ஊதா, சாவியில்லாமல் பியூஸ் மட்டும் உள்ளது. ஹாரன் அதைச் சேர்ந்தது. சிவப்பு சிறு விளக்குகளுக்கு. நீலம் முன்புறத்துப் பெரிய விளக்குகளுக்கு. கறுப்பு வண்டியின் உடம்புக்கு. வெள்ளைக்காரர்கள் 1947-இல் போய்விட்டார்கள். அவர்கள் ஏற்படுத்திய ஒயர் வர்ணங்கள் போகவில்லை. வெள்ளை ஒயரின் சாவி நம் கையில் இருக்கிறது என்பது ஒரு பெரிய ஆறுதல்.

சாவியை அணைத்தும் புகை ஏன் நிற்கவில்லை என்பது இப்போது விளங்கிற்று. பிரேக் ஒயர் பழுத்தபோது, தட்டுக்கு அடியில் எல்லா ஒயர்களும் ஒரே கட்டாகப் போகிற இடத்தில் சூடு வெளியேற வழியில்லாமல், பக்கத்திலிருந்த பழுப்பு ஒயரின் உறையும் உருகிவிட்டது. பழுப்புக்குச் சாவி ஏது? பியூஸ் ஏது? பாட்டரியைக் கழற்றினாலொழிய அது நிற்காது. அந்தக் கிளீனர்ப் பையன் இன்னும் இரண்டு நிமிஷம் பிந்தி வந்திருந்தால், நாம் இந்தக் கட்டுரையை எழுதிக் கொண்டிருக்க மாட்டோம்.

எரிந்த கட்டை இரண்டு நாளில் மாற்றினார் பாய். "சரி, பியூஸைப் போடலாமா?" என்றோம். அவர் சிரித்தார்.

"எரிஞ்சதை மாத்தறது பெரிய வேலை இல்லீங்க. எரிச்சவனைப் பிடிக்கணும்."

மறுநாள் மறுபடியும் குடும்பத்துடன் போனோம். பியூஸ் இருக்கவேண்டிய இடத்தில், இரண்டு ஒயர் வைத்து ஒரு 21 வாட் பல்பை மாட்டினார். பின்புறத்துப் பிரேக் பல்புகள் இரண்டையும் கழற்றிவிட்டார். "இப்போ மின்சாரம் போக நியாயமான வழி எதுவும் இல்லை. அநியாயமான வழி இருந்தா இந்தப் பல்பு பிரகாசமா எரியும். ஒயரும் எரியாது, பல்பு தாண்டி ரெண்டு ஆம்பியர்கூடப் போகாது" என்றார். ஒவ்வொரு தடவையும் ஒரு பியூஸைப் பலி கொடுக்காமல் குற்றவாளியைப் பிடிக்கிற யுக்தி இது. எவ்வளவு எளிய யுக்தி என்று நாம் ஆச்சரியப்பட்டோம்.

சாவியைத் திருப்பினார்; பல்பு எரியவில்லை. பிரேக்கை மிதித்தோம்; எரியவில்லை. ஒயர்களை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தார், எரியவில்லை. திரும்பும் விளக்கின் ஒயர், துடைப்பானின் ஒயர், எல்லாவற்றையும் தட்டிப் பார்த்தாயிற்று. ஒரு மணி நேரம் சென்றது. பாயின் நெற்றியில் சுருக்கம் விழுந்தது.

அப்போது, பெஞ்சில் உட்கார்ந்திருந்த நமது சகதர்மிணி, "கிராமத்திலிருந்து வரும்போதுதானே போகிறது? போகும்போதுகூட இல்லை, வரும்போதுதான்" என்றாள்.

பாய் திரும்பிப் பார்த்தார். "வரும்போது என்னம்மா வித்தியாசம்?"

"அரிசி மூட்டை. அண்டா."

இந்த முறை, "இயந்திர விஷயம் உனக்கு என்ன தெரியும்?" என்று நாம் கேட்கவில்லை. ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போய், அண்டாவையும் அரிசி மூட்டையையும் கொண்டுவந்தோம். எப்போதும் வைக்கிற மாதிரியே அவள்தான் டிக்கியில் வைக்கச் சொன்னாள்: அண்டா இடது மூலையில், மூட்டை அதை நெருக்கிக்கொண்டு. பேத்தியைப் பியூஸ் பெட்டியின் அருகில், பல்பு தெரியும்படி நிறுத்தினோம். நாம் உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதித்தோம்.

"தாத்தா! எரியுது!" என்று கத்தினாள் குழந்தை.

காலை எடுத்தோம், அணைந்தது. மிதித்தோம், எரிந்தது. பாய் டிக்கியில் தலையை விட்டு, அண்டாவைச் சற்று நகர்த்தினார். அணைந்தது. விரிப்பைத் தூக்கினார். இரும்புத் தகட்டில் ஓர் ஓட்டை வழியாக, ஊதாக் கோடு போட்ட பச்சை ஒயர் பின்விளக்குக்குப் போகிறது. அந்த ஓட்டையின் விளிம்பில் இருந்த ரப்பர் வளையம் காலத்தினால் கல்லாகி உதிர்ந்து போயிருந்தது. அண்டாவின் விளிம்பு ஒயரை அமுக்க அமுக்க, தகட்டின் ஓரம் அதை அறுத்திருக்கிறது. ஒயரில் ஒரு நெல்மணி அளவுக்குச் செம்பு தெரிந்தது. அவ்வளவுதான். ஒரு நெல்மணி!

பிரேக் மிதிக்காவிட்டால் அந்த ஒயரில் மின்சாரம் கிடையாது. அண்டா இல்லாவிட்டால் அது தகட்டில் படாது. இரண்டும் சேர்ந்தால்தான் விபத்து. ஊருக்குள் நூறு தடவை மிதித்தும் ஒன்றும் ஆகாததன் ரகசியம் இதுதான். வண்டியின் மேல் குற்றமில்லை. நாற்பது வருஷத்தில் எந்த ரப்பரும் கல்லாகத்தான் போகும். அதைப் பார்த்து மாற்றவேண்டியது வைத்திருப்பவன் கடமை. அதைத்தான் பியூஸ் மூன்று தடவை உருகி உருகி நம்மிடம் சொல்லிப் பார்த்தது.

நாம் பேத்தியைத் தூக்கி அந்த நெல்மணியைக் காட்டினோம். "கண்ணு, இதோ பார். வண்டி எரிந்ததற்குக் காரணம் இது. இதைப் பார்க்காமல், பியூஸின் வாயை அடைத்த தாத்தா இன்னொரு காரணம். உன் காகிதத்தின் மேல் ஒரு குற்றமும் இல்லை. அன்றைக்கே அந்த லாரி மாமாவிடம் தாத்தா இதைச் சொல்லியிருக்கவேண்டும். சொல்லாதது தப்பு" என்றோம்.

குழந்தை கொஞ்ச நேரம் யோசித்தாள். "அப்போ நாத்தம் அடிக்குதுன்னு நான் சொன்னது சரிதானே?" என்றாள்.

"முழுக்கச் சரி."

"பாட்டி சொன்னதும்?"

"அதுவும் சரி."

பாய் வேறெங்கோ பார்த்துக் கொண்டு, மீசைக்குள் சிரித்தார்.

ஒயரின் அந்தப் பகுதியை மாற்றிப் புது ரப்பர் வளையம் போட்டு, அண்டா எட்டாதபடி மேலாக இழுத்துக் கட்டினார் அவர். பாட்டரிக்கு அருகில், கையால் திருப்பித் துண்டிக்கும் ஸ்விட்ச் ஒன்றும் பொருத்தினார். பியூஸ் வாங்குவதிலும் ஒரு சூக்ஷ்மம் சொன்னார். பழைய பிரிட்டிஷ் முறைக் குழாயில் 35 என்று எழுதியிருந்தால், 35 ஆம்பியர் வந்தால் உருகிவிடும் என்று அர்த்தம். தொடர்ந்து தாங்குவது அதில் பாதிதான், சுமார் 17. வேறு முறையில் செய்த குழாயில் 35 என்றால் முப்பத்தைந்தையும் தொடர்ந்து தாங்கும். எண்ணை மட்டும் பார்த்து வாங்கிப் போட்டால், அதுவும் ஒரு வெள்ளிக் காகிதந்தான்!

இப்போது ஸ்பானரும், சிறிய தீயணைப்புக் குப்பியும் முன் ஸீட்டுக்கு அடியில் இருக்கின்றன. உபரிப் பியூஸ்கள் பேத்தியின் பொறுப்பு. கிராமத்துக்குக் கிளம்புமுன் எண்ணிப் பார்த்து, "நாலு இருக்கு, தாத்தா" என்று கணக்கு ஒப்புவிப்பாள். பின் ஸீட்டில் தன் பழைய இடத்திலேயே உட்கார்ந்து கொள்கிறாள். சாக்லேட்டும் தின்கிறாள். காகிதத்தை மட்டும் ஜன்னலுக்கு வெளியே போடாமல், நம்மிடமும் கொடுக்காமல், பாட்டியிடம் கொடுத்து வைக்கிறாள்.

கருகிய மூன்று குழாய்களும் நமது மேஜைமேல் ஒரு சிறு சீசாவில் இருக்கின்றன. வீட்டில் யாராவது ஒரு சங்கடத்தை எடுத்துச் சொல்லும்போது, அதைச் சரிப்படுத்துவதைவிடச் சொல்கிறவர் வாயை அடைப்பது சுலபமாகத் தோன்றுகிறதே, அந்தச் சமயத்தில் அவற்றைப் பார்த்துக் கொள்கிறோம். பெரும்பாலும் பலிக்கிறது. நேற்றுக்கூடச் சகதர்மிணி, "முன் சக்கரத்தில் ஏதோ சத்தம் கேட்கிறதே!" என்றாள். வாய்வரை வந்த வார்த்தையை விழுங்கிவிட்டு, எழுந்து போய்ச் சக்கரத்தைப் பார்த்தோம்.

சத்தம் இருக்கத்தான் இருந்தது.